ஆட்டிசம் ஆய்வுக்கு யார் காசு, யார் கேள்வி?

மலேசியாவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். கட்டுரைக்குக் கட்டுரை ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும்: ஆயிரத்துக்கு 1.6. அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. 2000-களின் நடுப்பகுதியில் சுகாதார அமைச்சு, அரசாங்கக் குழந்தை நல கிளினிக்குகளுக்கு வந்த சிறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்த்தது. கிளினிக்கில் இந்தத் தாளைப் பயன்படுத்த முடியுமா என்பதைத்தான் அப்போது பார்த்தார்கள். நாடு முழுக்கத் தலை எண்ணுவது அவர்கள் நோக்கம் இல்லை. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளாக அந்த எண் நம்மை விடவில்லை.

ஆயிரத்துக்கு 1.6 என்றால் 625 பேரில் ஒருவர். உலகச் சுகாதார நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் சொன்ன மதிப்பீடு ஏறத்தாழ 100 பேரில் ஒருவர். அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று 2025-இல் அறிவித்தார்கள்; அதே கணக்கெடுப்பு 2000-ஆம் ஆண்டுக்குச் சொன்னது 150-க்கு ஒருவர். அமெரிக்கக் காற்றில் ஏதோ கோளாறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆட்டிசத்தின் வரையறை விரிந்தது, முன்பு கண்ணில் படாத பிள்ளைகள் இப்போது படுகிறார்கள், மருத்துவக் கோப்புகளையும் பள்ளிக் கோப்புகளையும் புரட்டி எண்ணுவதற்கென்றே அங்கே ஆட்களும் சம்பளமும் உண்டு. எண்ணினால்தானே எண்ணிக்கை.

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் நான்கு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. நான்கு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 625-க்கு ஒருவர் என்றால் அதில் 640 பிள்ளைகள். 100-க்கு ஒருவர் என்றால் 4,000. பேச்சுப் பயிற்சியாளர் எத்தனை பேர் தேவை, பாலர் பள்ளியில் எத்தனை சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று திட்டம் போடுகிறவர் 640-ஐ வைத்துப் போடுவதா, 4,000-ஐ வைத்துப் போடுவதா? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு எடுத்தவர்களை எண்ணினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கார்டுக்குப் பதிவது அவரவர் விருப்பம். எடுக்காத குடும்பம் அந்தக் கணக்கில் வரவே வராது.

ஆட்டிசம் ஆய்வுக்குப் பணம் என்றவுடன் பலர் மனத்தில் வருவது மருந்தும் மரபணுவும் வெள்ளைக் கோட்டும். உண்மையில் முதல் செலவே இந்த மாதிரி எளிய கேள்விக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வித்தாளையே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எம்-சாட் என்பது அதன் பெயர். ஆம், இல்லை என்று பெற்றோர் பதில் சொல்லும் 23 கேள்விகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா, கண்ணாமூச்சி விளையாட்டு பிடிக்கிறதா என்பது மாதிரி. அதில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் வரும். ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு பொருளைக் கேட்கிறானா? ஆள்காட்டி விரலை நீட்டி, தனக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறானா? மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் வேறுபாடு உண்டு. கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி ரயிலும் ஓடுகிறது, கொமுட்டர் ரயிலும் ஓடுகிறது. அங்கே அடுக்குமாடி ஜன்னலோரம் பாட்டி இடுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளை, ரயிலைக் கண்டதும் விரலை நீட்டிவிட்டுப் பாட்டி முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ரயில் அதற்கு வேண்டாம். பாட்டியும் பார்த்தாளா என்பதுதான் வேண்டும். இந்தத் திரும்பிப் பார்த்தல் வராமலோ தாமதமாகவோ இருப்பது ஆட்டிசத்தின் தொடக்க அடையாளங்களில் முக்கியமான ஒன்று. பிஸ்கட் டின்னை நோக்கிப் பாட்டியின் கையைப் பிடித்து இழுப்பது வேறு கதை.

இப்போது அந்தத் தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது, நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிக்குத் தமிழ்தான் வரும், தாளை நிரப்புவது வேலைக்குப் போய் வந்து களைத்த தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். “விரல் நீட்டுவானே” என்று ஒரு டிக். இரண்டு கேள்விக்கும் அதே டிக். பிள்ளை சல்லடையில் நழுவிவிடும்.

தமிழில் மொழிபெயர்த்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூல மொழிக்குத் திருப்பி எழுதி ஒப்பிட வேண்டும். பிறகு சில நூறு குடும்பங்களிடம் கொடுக்க வேண்டும். அதே பிள்ளைகளை, தாளில் என்ன வந்தது என்று தெரியாத நிபுணர்கள் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தாள் எத்தனை பேரைத் தவறவிட்டது, எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது என்று அதன் பிறகுதான் சொல்ல முடியும். அந்த நிபுணர் கையில் இருக்கும் அடோஸ்-2 மாதிரியான பரிசோதனைப் பெட்டி வெளிநாட்டு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் தனியாக எடுக்க வேண்டும். இந்தியா இதற்கு ஒரு வழி கண்டது. செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சிக் குறைபாடு நிறுவனம் முன்னின்று, இசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கியது. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அதில் குறைகள் உண்டு, ஆனால் சொந்தக் கருவி. அதைச் செய்யவும் ஒரு காலத்தில் யாரோ பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உயர்கல்வி அமைச்சின் ஆய்வு மானியங்களும், பல்கலைக்கழகங்கள் தம் கையிலிருந்து தரும் சிறு மானியங்களும். எஃப்ஆர்ஜிஎஸ் எனப்படும் அடிப்படை ஆய்வு மானியம் எல்லாத் துறைக்கும் பொது. ஆட்டிசம் பற்றிய விண்ணப்பம் செம்பனையோடும் மின்னணுச் சில்லோடும் ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஓடும். பிறகு மறுபடி வரிசை. பிள்ளை பிறந்ததிலிருந்து இருபது வயது வரை தொடர்ந்து பார்க்கிற ஆய்வு ஒன்றை இந்த ஏற்பாட்டில் எப்படிச் செய்வது? பல ஆய்வுகள் ஒரு முதுகலை மாணவரின் பட்டத்தோடு தொடங்கி அந்தப் பட்டத்தோடு முடிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறநிறுவனங்களுக்குக் கொடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். நாசோம் எனப்படும் தேசிய ஆட்டிசம் சங்கம் 1980-களில் பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து தொடங்கியது. செந்தூலில் அரசாங்கத்தின் ஜீனியஸ் கூர்னியா மையம், ரவாங்கில் ஐடியாஸ் ஆட்டிசம் மையம் என்று இன்னும் சில இடங்கள் உள்ளன. இவை முதன்மையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள். அங்கே போகும் ஒவ்வொரு வெள்ளியும் தேவையான வெள்ளி. ஆனால் சேவைக்குக் கொடுப்பதும் ஆய்வுக்குக் கொடுப்பதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவது இன்றைக்கு இருக்கிற பிள்ளைக்கு, இன்றைக்குத் தெரிந்த வழியில் உதவுகிறது. அந்த வழி சரியான வழிதானா என்று சோதித்துப் பார்ப்பது இரண்டாவது.

நம்மவர்கள் கொடுப்பதில் கஞ்சர்கள் இல்லை. கோயிலுக்கு, அன்னதானத்துக்கு, தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டியூப் லைட்டிலேயே உபயம் என்று பேர் எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்தவர்கள் நாம். ஆய்வில் பேர் எழுத இடம் இல்லை. ஐந்து ஆண்டு கழித்து வரும் முடிவு, “இந்த முறை பலன் தரவில்லை” என்பதாகக்கூட இருக்கலாம்.

அந்த மாதிரி முடிவுக்கும் காசு கொடுக்க வேண்டுமா என்றால், கட்டாயம் கொடுக்க வேண்டும். சீக்ரிட்டின் கதையைக் கேளுங்கள். அது குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் வேறு காரணத்துக்காக அந்த ஊசி போட்ட சில ஆட்டிசப் பிள்ளைகள் திடீரெனப் பேசத் தொடங்கினார்கள் என்று செய்தி பரவியது. தொலைக்காட்சியில் வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி ஓடினார்கள். 1999-இல் ஒரு முறையான சோதனை வெளியானது. 60 பிள்ளைகள்; பாதிப் பேருக்குச் சீக்ரிட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. இரு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது, இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில். உப்புநீருக்கும் அந்த ஊசிக்கும் வேறுபாடு இல்லை. பிள்ளை எப்படியும் வளர்கிறது. ஊசி போட்டோம் என்ற நினைப்பில் நாம் கூர்ந்து கவனிக்கிறோம். இந்த முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர், ஊசியில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த உப்புநீர்ப் பாதி இல்லாதிருந்தால் இன்றைக்கும் எத்தனை குடும்பங்கள் வீட்டை அடகு வைத்து அதை வாங்கிக்கொண்டிருக்கும்?

ஸ்டெம் செல் விஷயமும் இதே பாதைதான். தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 பிள்ளைகளிடம் நடத்திய சோதனை 2020-இல் வெளிவந்தது. எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களோ அதில் பலன் தெரியவில்லை. விளம்பரங்கள் மட்டும் நிற்கவில்லை. இங்கே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: முறையான சோதனையில் கலந்துகொள்ளும் குடும்பம், சோதிக்கப்படும் சிகிச்சைக்குக் காசு கட்டாது. “இது ஆய்வு” என்று சொல்லிவிட்டு உங்களிடம் பில் நீட்டினால், நீங்கள் வாடிக்கையாளர்.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். 1998-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். பார்த்தது 12 பிள்ளைகளை. அந்தத் தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் பெற்றதைப் பிரையன் டீயர் என்ற பத்திரிகையாளர் பின்னர் தோண்டி எடுத்தார். தொகை நான்கு லட்சம் பவுனுக்கும் மேல். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. கதை அங்கே முடியவில்லை. அந்தப் பொய்யைப் பொய் என்று காட்டவே பல நாடுகள் ஆய்வுப் பணத்தைக் கொட்ட வேண்டி வந்தது. டென்மார்க்கில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மட்டும் 6,57,461 பிள்ளைகள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச வாய்ப்பில் வேறுபாடு இல்லை. வேறு எதையாவது கண்டுபிடித்திருக்க வேண்டிய காசு அது.

நல்ல ஆய்வுக்கு எப்போதும் பெரிய தொகை வேண்டும் என்றும் இல்லை. தாயின் அன்பு வற்றியதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் பிரிட்டனில் 21 இரட்டையர் சோடிகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் வந்த 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு அதுவே முதல் வலுவான சான்று. தாய்மார் மீது சுமத்திய பழியும் அதனால் ஆட்டம் கண்டது. 42 பிள்ளைகளைப் பார்த்ததில் அவ்வளவு பெரிய விடுதலை. நம் வீடுகளில் “நீ கர்ப்பமா இருக்கும்போது என்ன பண்ணின?” என்று கேட்கும் மாமியார்களிடம் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த 21 சோடியிலிருந்து தொடங்கிய பாதை இன்று வெகு தூரம் போய்விட்டது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் ஆட்டிச ஆய்வுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் செலவிடுகின்றன. கணித மேதையும் பங்குச் சந்தைக் கோடீஸ்வரருமான ஜிம் சைமன்ஸ் தொடங்கிய அறக்கட்டளை, ஸ்பார்க் என்ற திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆட்டிசம் உள்ளவர்களைச் சேர்த்திருக்கிறது. 2020-இல் 35,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை அலசிய ஆய்வு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 102 மரபணுக்களைக் காட்டியது. இந்தத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் போன்றோர் அதில் அரிது.

ஆனால் மரபணுவில் நாம் பின்தங்கியிருக்கிறோமே என்று மலேசியத் தமிழர்கள் முதலில் கவலைப்பட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிரிட்டனில் 2007 முதல் 2011 வரை ஆட்டிச ஆய்வுக்குப் போன பணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 56 விழுக்காடு உயிரியல், மூளை, அறிதிறன் பக்கம். சமூகத்தில் எப்படி வாழ்வது என்பது பற்றிய ஆய்வுக்கு ஒரு விழுக்காடு. ஆட்டிசம் உள்ளவர்களிடமும் குடும்பங்களிடமும் கேட்டபோது அவர்கள் கேட்டது வேறாக இருந்தது. 2016-இல் ஆட்டிஸ்டிகா என்ற அறநிறுவனம் அவர்களையே கேட்டு முன்னுரிமைப் பட்டியல் ஒன்று தயாரித்தது. முதலிடத்தில் மனநலம்: மனநலச் சிக்கல்களைக் குறைக்க எது உதவும்? பேச்சும் தொடர்பும் அடுத்தது. பெரியவர்களாகிவிட்டவர்களுக்கான ஆதரவும் மேலேயே இருந்தது. பிள்ளை என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதாகும்போது என்ன என்பதைக் கேட்க ஆள் குறைவு.

கையில் இருப்பது கொஞ்சம் என்றால், வேறு எங்கும் செய்ய முடியாததை இங்கே செய்ய வேண்டும். உதாரணத்துக்கு மொழி. வீட்டில் தமிழ், டிவியில் மலாய், பயிற்சி மையத்தில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் கண்டனீஸ். பேச்சு வராத பிள்ளை என்றதும் “ஒரே மொழியில் பேசுங்கள்” என்ற அறிவுரை வரும். அந்த ஒன்று பெரும்பாலும் ஆங்கிலம். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே இருந்த ஒரே பாலமும் போய்விடும். கனடாவில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் ஏற்படுவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. நல்ல செய்தி. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானிலோ நான்கு மொழிக் கூச்சலுக்கு நடுவே வளரும் பிள்ளையைப் பற்றி கனடாவில் இருந்துகொண்டு யாரும் ஆராய முடியாது.

சிறு பணத்தில் நம் சூழலுக்கு ஏற்ற ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்குக் கோவாவும் ராவல்பிண்டியும் சாட்சி. மான்செஸ்டரில் உருவான ஒரு முறையை எடுத்து, நிபுணர் அல்லாத சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து, தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார்கள். இங்கே பாருங்கள், அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அதற்குள் அடுத்த பொம்மையை எடுத்துவிட்டீர்கள், கொஞ்சம் காத்திருங்கள் என்கிற மாதிரி. 12 அமர்வுகள், 65 பிள்ளைகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. 2016-இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த முடிவு: பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பழகுவது கூடியது, பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இன்னொரு அளவீட்டில், அதாவது இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைப்பதில், குறைவு தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

அப்படியானால் சாலாக் செலாத்தானில் இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? அடுத்த எல்.ஆர்.டி நிலையம் பண்டார் துன் ரசாக்; அந்த வட்டாரத்தில்தான் தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் தூரமில்லை. பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்குப் போகும்போது, ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்களே விசாரிக்கலாம். பணத்தைவிட ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத பொருள், சேர முன்வரும் குடும்பங்கள். தமிழ்க் குடும்பங்கள் சேரவில்லை என்றால் முடிவில் தமிழ்க் குடும்பங்கள் இருக்காது.

பணம் கொடுப்பதானால், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பா, பல்கலைக்கழக நிதியா என்று ரசீதைப் பார்த்துக் கொடுங்கள். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. உங்கள் பிள்ளையின் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் செலவழித்ததற்கான கழிவு வேறு; 2025 மதிப்பீட்டு ஆண்டில் அது 6,000 ரிங்கிட் வரை இருந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நன்கொடையை “ஆட்டிசத்துக்கு” என்று பொதுவாகக் கொடுக்காமல், எந்த ஆய்வுக்கு, எத்தனை ஆண்டுக்கு, முடிவு எங்கே வெளியாகும் என்று கேட்டுக் கொடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆய்வில் சேர்வதானால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கிறதா? சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் பிள்ளையின் சிகிச்சை பாதிக்காது என்று எழுதியிருக்கிறதா? எச்சிலோ ரத்தமோ எடுத்தால் அதை எங்கே வைப்பார்கள், நாட்டை விட்டு வெளியே போகுமா, எத்தனை ஆண்டுக்குப் பிறகு அழிப்பார்கள்? பணம் கொடுப்பவர் யார்? பிள்ளை பேசாவிட்டாலும், அன்றைக்கு அவனுக்கு விருப்பமில்லை என்று நீங்கள் கண்டுகொண்டால் அமர்வை நிறுத்த ஒப்புக்கொள்வார்களா? கடைசியாக, முடிவு வந்ததும் அதை இரண்டு பக்கத்தில், பாட்டிக்கும் புரிகிற தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மானியம் கேட்கும்போதே அந்த மொழிபெயர்ப்புச் செலவையும் சேர்த்துக் கேட்கலாமே என்று ஆய்வாளரிடம் சொல்லிப் பாருங்கள்.